பனியுடைப்புக் கப்பல்: உடைத்த பிறகுதான் உண்மையான வேலை

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்க்டிக் கடலில் ஓடும் ஒரு பனியுடைப்புக் கப்பலைப் பற்றிய குறும் ஆவணப்படம் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். கப்பலின் முன்முனை கூராக இல்லாமல் உருண்டை வாக்கில் இருக்கிறதே, அது எப்படி இவ்வளவு தடித்த பனியை வெட்டுகிறது? ஏன் பின்னால் போய்ப் போய் மறுபடி வந்து மோதுகிறது? அணு உலை எதற்கு? பனிதான் உருகிக்கொண்டு வருகிறதே, இப்போது போய் ஏன் புதிது புதிதாக இந்தக் கப்பல்களைக் கட்டுகிறார்கள்? இவைதான் நீங்கள் கேட்டவை.

அந்தக் கப்பல் பனியை வெட்டுவதே இல்லை. மேலே ஏறி அழுத்துகிறது. ஒரு சாக்பீஸை எடுத்து இரண்டு முனையிலும் விரலை வைத்து நேராக அழுத்திப் பாருங்கள், எளிதில் உடையாது. அதையே லேசாக வளைத்தால் பட்டென்று முறிந்துவிடும். கடல் பனியின் குணமும் இதுதான். நசுக்க வேண்டுமானால் பெரும் விசை தேவை. வளைத்து முறிப்பதற்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். அதனால்தான் இந்தக் கப்பல்களின் முன்முனை செங்குத்தாக இருக்காது. நீர்மட்டத்தில் தொடங்கி, கீழே போகப் போகப் பின்னோக்கிச் சரிந்திருக்கும். பின்னாலிருந்து புரொப்பெல்லர் தள்ளத் தள்ள, அந்தச் சரிவு பனிப்பாளத்தின் விளிம்பில் ஏறுகிறது. கப்பலின் எடையில் ஒரு பகுதி பாளத்தின் மேல் இறங்குகிறது. பாளம் கீழே வளைகிறது, முறிகிறது.

முன்முனையிலிருந்து கீழ்நோக்கிப் பிடித்த காட்சி படத்தில் வந்திருந்தால், அதை மறுபடி நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதலில் வெள்ளைப் பரப்பில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அடுத்த கணம் கப்பலின் இரு பக்கமும் பிறை வடிவத்தில் விரிசல்கள் விழும். ஒவ்வொரு பிறைத் துண்டும் கீழே சாய்ந்து, தண்ணீரை வாரி இறைத்தபடி நிமிர்ந்து நிற்கும். அப்போதுதான் அதன் வெட்டுமுகம் தெரியும்: மேலே வெண்மை, நடுவில் நீலப் பச்சை, அடியில் பல இடங்களில் பழுப்பு நிறம். அந்தப் பழுப்பு அழுக்கல்ல. பனியின் அடிப்புறத்தில் வளரும் பாசி. துருவக் கடலின் உணவுச் சங்கிலியின் தொடக்கத்தில் அதற்கு முக்கிய இடம் உண்டு. பிறகு அந்தத் துண்டு கப்பலின் அடியில் சறுக்கிப் போய் மறைந்துவிடும்.

ஆவணப்படங்கள் வழக்கமாக இந்த இடத்தோடு நிறுத்திவிடுகின்றன. பனி உடைவது பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கப்பல் வடிவமைப்பவர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கும் தலைவலியே இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. உடைந்த துண்டு எங்கே போவது? பனி தண்ணீரில் மிதக்கும் பொருள். அதைக் கீழே அமுக்கிக் கப்பலின் வயிற்றுக்கு அடியில் தள்ள வேண்டும். அது மேலே வரத் துடிக்கும், கப்பலின் அடிப்பரப்பை உரசிக்கொண்டே போகும், கடைசியில் புரொப்பெல்லரில் போய்ச் சிக்கும். உடைப்பது, அமுக்குவது, உரசல் என்ற இந்த மூன்றும் சேர்ந்துதான் கப்பலைத் தடுக்கின்றன. உடைப்பதற்கு ஆகும் சக்தி இவற்றில் ஒரு பங்கு மட்டுமே.

இதற்காகச் செய்யும் ஏற்பாடுகள் பல. பனி படும் பகுதியில் சுமார் 4 முதல் 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள, கடுங்குளிரிலும் நொறுங்காத எஃகுத் தகடு. அதன் மேல் வழுவழுப்பான, எளிதில் உரிந்துபோகாத தனிவகைப் பூச்சு. சில கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றின் வழியே காற்றைப் பீய்ச்சினால் குமிழிகள் தண்ணீரை இழுத்துக்கொண்டு மேலே வந்து, கப்பலுக்கும் பனிக்கும் நடுவே வழுக்கும் படலமாக நிற்கும். இவ்வளவும் உரசலைக் குறைக்கத்தான். பனிப்பாளத்தின் மேல் புதிதாக விழுந்த பொடிப்பனி ஆழமாகக் கிடந்தால் கப்பலின் வேகம் சட்டென்று விழும். தடிமனான வழுக்குப் பாளத்தை உடைத்துப் போன கப்பல், அதைவிட மெல்லிய, பொடிப்பனி மூடிய பாளத்தில் திணறுவதும் உண்டு.

முன்முனையைச் சரிவாக்கும் யோசனை பழையது. ரஷ்யாவில் தீவொன்றில் உள்ள குரோன்ஷ்டாட் துறைமுகத்தில் மிகைல் பிரித்னெவ் என்ற வணிகர், 1864-இல் ‘பைலட்’ என்ற தன் சிறிய நீராவிக் கப்பலின் முன்பகுதியைச் சரிவாக மாற்றியமைத்தார். பனிக்காலத்திலும் கரைக்குக் கப்பல் ஓட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய தேவை. அதைத் துருவக் கடலுக்குக் கொண்டுபோனவர் துணை அட்மிரல் ஸ்தெபான் மக்காரொவ். அவருடைய ‘யெர்மாக்’ கப்பல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கட்டப்பட்டு 1898-இல் நீரில் இறங்கியது. 1899-இல் ஆர்க்டிக் தீவான ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கம் போய்க் கடும் பனியில் மோதி அடிபட்டுத் திரும்பியது. பால்டிக் கடலில் நன்றாக உதவிய முன்பக்கப் புரொப்பெல்லர் அங்கே உதவவில்லை. அதை எடுத்துவிட்டு முன்பகுதியையே மாற்றிக் கட்டினார்கள். தோல்வி என்று ஏளனம் செய்தவர்கள் நிறையப் பேர். ஆனால் 1900-இல் பின்லாந்து வளைகுடாவில் உடைந்து மிதந்த பனித்திட்டில் சிக்கிய மீனவர்களைக் காப்பாற்றியது இதே கப்பல்தான். அந்தச் செய்தி வானொலித் தந்தி வழியாக வந்து சேர்ந்தது. கடலில் உயிர்காக்க வானொலி பயன்பட்ட மிக ஆரம்பகால நிகழ்ச்சிகளில் அது ஒன்று. யெர்மாக் 1960-கள் வரை ஓடியது. மக்காரொவ் 1904-இலேயே போரில் இறந்துவிட்டார்.

சரி, ஏன் பின்னால் போய் மறுபடி மோதுகிறது?

கடல் பனி ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரே குளிர்காலத்தில் உறைந்த முதலாண்டுப் பனிக்குள் உப்புநீர் சிறு சிறு குழாய்களாகத் தங்கியிருக்கும். அதனால் அது சற்று மென்மையானது. ஒரு கோடையைத் தாண்டிப் பிழைத்த பல்லாண்டுப் பனியில் அந்த உப்புநீர் வடிந்துபோய்விடும். அது கெட்டியானது, நீலம் பாய்ந்தது. மாலுமிகள் உண்மையில் அஞ்சுவது அதற்குத்தான். இவை தவிர, காற்றும் நீரோட்டமும் பாளங்களை ஒன்றோடொன்று மோதவைத்து மேடுகளை எழுப்புகின்றன. மேலே ஓர் ஆள் உயரம் தெரிந்தால், அதன் வேர் நீருக்கு அடியில் பல மடங்கு ஆழத்துக்கு இறங்கியிருக்கும். சமமான பாளத்தில் நிற்காமல் போகிற கப்பல் இந்த மேட்டில் வந்து நின்றுவிடும். அப்போது வந்த வழியிலேயே பின்னால் போய், வேகம் பிடித்து, மறுபடி மோதும். கொஞ்சம் முன்னேறும். திரும்பவும் பின்னால்.

இந்த இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கப்பலை வைத்தே சொல்லலாம். 1976-இல் பணியில் சேர்ந்த அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ‘போலார் ஸ்டார்’, மூன்று நாட் (மணிக்குச் சுமார் 5.5 கிலோமீட்டர்) வேகத்தில் நிற்காமல் போகும்போது சுமார் 1.8 மீட்டர் பனியை உடைக்கும். பின்வாங்கி மோதும் முறையில் சுமார் 6.4 மீட்டர் தடிமன் வரை சமாளிக்கும். அண்டார்க்டிகாவில் உள்ள அமெரிக்காவின் மெக்மர்டோ ஆராய்ச்சி நிலையத்துக்கு எண்ணெயும் சாமான்களும் கொண்டுவரும் கப்பல்களுக்கு வழி திறப்பது அதன் வருடாந்தர வேலை.

மோதும்போது இன்னோர் ஆபத்தும் உண்டு. வேகமாக வந்து பாளத்தின் மேல் ஏறிய கப்பல், பனி முறியாமல் அப்படியே மேலேயே உட்கார்ந்துவிடலாம். அதற்காகக் கப்பலின் இரு பக்கமும் பெரிய நீர்த்தொட்டிகள் வைத்திருப்பார்கள். ஒரு பக்கத் தொட்டியிலிருந்து மறுபக்கத்துக்குத் தண்ணீரை வேகமாக மாற்றினால் கப்பல் இடமும் வலமும் சாயும். அந்த ஆட்டத்தில் பிடி தளர்ந்து பின்னால் நழுவி வரும்.

இதையெல்லாம்விடக் கொடியது அழுத்தம். காற்று ஒரே திசையில் தொடர்ந்து வீசினால் சுற்றியுள்ள பனிப்பரப்பு முழுவதும் நெருக்கத் தொடங்கும். கப்பல் உடைத்து வந்த பாதை, கண்ணெதிரே, பின்னாலேயே மூடிக்கொள்ளும். பக்கவாட்டில் பனி கப்பலைக் கவ்விப் பிடிக்கும். நார்வேயின் துருவப் பயணி நான்சென் 1893 முதல் 1896 வரை பனியோடு மிதந்துபோன ‘ஃப்ராம்’ மரக்கப்பல், உடலை உருண்டையாக அமைத்ததால் நெருக்கும் பனியிலிருந்து மேலெழும்பித் தப்பியது. பிரிட்டிஷ் துருவப் பயணி ஷாக்கிள்டனின் ‘எண்டூரன்ஸ்’ 1915-இல் அண்டார்க்டிகாவின் வெட்டெல் கடலில் அந்த நெருக்கலில் நொறுங்கியே போனது. இன்றைய எஃகுக் கப்பல்கள் அப்படி நொறுங்காவிட்டாலும் மாட்டிக்கொள்கின்றன. 2013 டிசம்பரில் ‘அகதெமிக் ஷொகால்ஸ்கி’ என்ற ரஷ்யக் கப்பல் அண்டார்க்டிகா அருகே 52 பயணிகளோடு சிக்கியது. உதவப் போன சீனாவின் ‘ஷூயெ லொங்’ பனியுடைப்புக் கப்பலும் நெருங்க முடியவில்லை. ஹெலிகாப்டரில் பயணிகளை ஆஸ்திரேலியாவின் ‘அரோரா ஆஸ்ட்ராலிஸ்’ கப்பலுக்கு மாற்றிவிட்டு, ஷூயெ லொங்கும் மாட்டிக்கொண்டது. சில நாள் கழித்துக் காற்று திசை மாறியது, பனியில் பிளவுகள் திறந்தன, இரண்டும் தாமாகவே வெளியே வந்தன. எத்தனை குதிரைசக்தி இருந்தாலும் காற்று மனம் வைக்க வேண்டியிருந்தது.

அதனால் நல்ல பனிக் கேப்டனின் திறமை நிறையப் பனியை உடைப்பதில் இல்லை, முடிந்தவரை உடைக்காமல் போய்ச் சேர்வதில் இருக்கிறது. செயற்கைக்கோள் ரேடார் படங்கள் இரவிலும் மேகத்தினூடேயும் பனியைக் காட்டுகின்றன. சில கப்பல்களில் முன்னோட்டம் பார்க்க ஹெலிகாப்டரும் இருக்கும். இவற்றோடு கண்ணும் வேண்டும். பனிப்பரப்புக்கு மேலே உள்ள மேகத்தின் அடிப்பகுதி வெளிறித் தெரியும். திறந்த நீர் இருக்கும் இடத்துக்கு மேலே அதே மேகம் கறுத்துத் தெரியும். தொடுவானத்தில் அந்தக் கறுப்புத் திட்டைப் பார்த்து வழியை வளைப்பது பழைய வித்தை, இன்றும் அது பயன்படுகிறது. நேர்கோட்டில் போகாமல், பிளவிலிருந்து பிளவுக்குத் தாவித் தாவிப் போகும் பாதை தூரத்தில் கூடினாலும் நேரத்திலும் எரிபொருளிலும் லாபம்.

பின்னால் வேறு கப்பல்களை அழைத்துக்கொண்டு போவது இன்னும் நுட்பமான வேலை. பின்வரும் கப்பல் மிகவும் விலகி வந்தால் அதற்குள் பாதை மூடிவிடும். மிகவும் ஒட்டி வந்தால், முன்னால் போகிற கப்பல் ஒரு மேட்டில் சட்டென்று நிற்கும்போது, கனத்த சரக்குக் கப்பலால் நிற்க முடியாமல் அதன் முதுகில் வந்து இடித்துவிடும். பாதுகாப்பான இடைவெளி மணிக்கு மணி மாறும். பல பனியுடைப்புக் கப்பல்களின் பின்புறத்தில் ஆங்கில வி எழுத்து வடிவில் ஒரு வெட்டு இருப்பதைப் பார்க்கலாம். நிலைமை மோசமானால் பின்வரும் கப்பலின் மூக்கை அதில் பொருத்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, இரண்டையும் ஒன்றாகவே ஓட்டுவார்கள். 1983 இலையுதிர் காலத்தில் சைபீரியாவின் கிழக்குக் கோடியில், சுக்சி கடலில், டஜன் கணக்கான சரக்குக் கப்பல்கள் பனியில் சிக்கின. ‘நீனா சகய்தாக்’ நசுங்கி மூழ்கியது, அதன் மாலுமிகள் காப்பாற்றப்பட்டார்கள். மற்ற கப்பல்களை மீட்க அணுசக்திக் கப்பல்கள் வந்து பல நாள் போராட வேண்டியிருந்தது.

இப்போது அணு உலைக்கு வருவோம். பனியில் கப்பல் ஓட்டுவதென்றால் முழு விசையும் மிகக் குறைந்த வேகத்தில் தேவைப்படும். புரொப்பெல்லரில் பனிக்கட்டி மாட்டி அது நின்றுபோகும் நிலை வந்தாலும் விசை குறையக் கூடாது. இதற்கு மின்மோட்டார்தான் பொருத்தம். அதனால் பெரிய பனியுடைப்புக் கப்பல்களில் பெரும்பாலும் எஞ்சின் மின்சாரம் தயாரிக்கும், மோட்டார் புரொப்பெல்லரைச் சுழற்றும். அந்த மின்சாரத்துக்கு டீசல் எரித்தால் இரண்டு சிக்கல். ஒன்று, நடுவழியில் எரிபொருள் நிரப்ப இடம் கிடையாது. இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை: எண்ணெய் எரிய எரியக் கப்பலின் எடை குறைகிறது. எடையால் உடைக்கும் கப்பலுக்கு அது நல்லதல்ல. கப்பல் மேலே எழும்பும்போது புரொப்பெல்லரும் பனி மட்டத்துக்கு நெருங்கி வந்துவிடும். அணு உலைக் கப்பலுக்கு இந்த இரண்டும் இல்லை. ஆண்டுக்கணக்கில் எரிபொருள் மாற்றாமல் ஓடும்.

உலகின் முதல் அணுசக்திப் பனியுடைப்புக் கப்பலான ‘லெனின்’ 1959-இல் பணிக்கு வந்தது. அதன் வரலாற்றில் பெருமை மட்டும் இல்லை. 1965-இல் உலை ஒன்று தன்னைக் குளிர்விக்கும் நீரை இழந்து எரிபொருள் சேதமானது. கடைசியில் மூன்று உலைகளும் எடுக்கப்பட்டு நோவயா செம்ல்யா தீவின் குடா ஒன்றில் கடலில் போடப்பட்டன. 1970-இல் இரண்டு புதிய உலைகளோடு மறுபடி ஓடி, 1989-இல் ஓய்வு பெற்றது. இப்போது முர்மான்ஸ்கில் அருங்காட்சியகமாக நிற்கிறது. இன்னோர் அணுசக்திக் கப்பலான ‘ஆர்க்திகா’ 1977 ஆகஸ்ட் 17-இல் வட துருவத்தை அடைந்தது. நீர்மேல் ஓடும் கப்பல்களில் அங்கே போன முதல் கப்பல் அதுதான். அதே பெயரில் 2020-இல் வந்த புதிய கப்பல் 173 மீட்டர் நீளம், 34 மீட்டர் அகலம், சுமார் 33,500 டன் எடை. இரண்டு உலைகளிலிருந்து புரொப்பெல்லர்களுக்கு 60 மெகாவாட் கிடைக்கிறது. ஏறக்குறைய 3 மீட்டர் பனியை மெதுவாக உடைத்துப் போகும். இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், தொட்டிகளில் நீரை ஏற்றியும் இறக்கியும் கப்பல் நீரில் அமிழும் ஆழத்தை மாற்றிக்கொள்வது. ஆழ்கடலில் கனத்தோடு ஓடும், பிறகு மிதப்பை உயர்த்திக்கொண்டு சைபீரியாவின் யெனிசேய் போன்ற ஆறுகளின் முகத்துவாரத்துக்குள்ளும் நுழையும். முன்பு இந்த இரண்டுக்கும் தனித்தனிக் கப்பல் வேண்டியிருந்தது.

அணுசக்தியில் ஓடும் பனியுடைப்புக் கப்பல்கள் ரஷ்யாவிடம் மட்டுமே இருக்கின்றன. மற்ற நாடுகளுக்குத் தொழில்நுட்பம் தெரியாததல்ல காரணம். ஆண்டு முழுவதும் உறைந்த கடலில் சரக்கு நகர்த்த வேண்டிய இவ்வளவு நீண்ட வடகரை வேறு யாருக்கும் இல்லை. பழைய ஆர்க்திகா வகைக் கப்பல்கள் தென் துருவத்துக்குப் போக முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றின் குளிர்விப்பு ஏற்பாடு குளிர்ந்த கடல்நீரை நம்பி அமைந்தது. நடுவே உள்ள வெப்பக் கடல்களைத் தாண்ட அது இடம் தராது.

படத்தில் ஒரு கப்பல் பின்புறமாகவே பனிக்குள் போவதைப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அது தவறுதலாக நடந்ததோ, படத்தைத் திருப்பி ஓட்டியதோ இல்லை. கப்பலுக்கு வெளியே, தண்ணீருக்குள் தொங்கும் உறைக்குள்ளேயே மின்மோட்டாரை வைத்து, அந்த உறையோடு சேர்த்துப் புரொப்பெல்லரை எந்தத் திசைக்கும் திருப்பும் ஏற்பாட்டைப் பின்லாந்துக்காரர்கள் உருவாக்கினார்கள். அசிபாட் என்று அதற்குப் பெயர். அது வந்தபின், பின்புறத்தை முன்னால் வைத்து ஓட்டினால் புரொப்பெல்லர் பனி மேட்டின் வேரை அரைத்துத் தள்ளும், அது கிளப்பும் நீரோட்டம் கப்பலின் உடலை வழவழவென்று கழுவிவிடும் என்று கண்டார்கள். திறந்த கடலில் கூர்முனை முன்னால், கடும் பனியில் பின்புறம் முன்னால். 2017-இல் ‘கிறிஸ்டோஃப் த மார்ஜரி’ என்ற, எரிவாயு ஏற்றிச் செல்லும் கப்பல், துணைக்கு யாரும் இல்லாமல் ரஷ்யாவின் வடகரையை ஒட்டிய வடகடல் வழியைக் கடந்தது. அதுவும் இந்த வகைதான். 2019-இல் வந்த சீனாவின் ‘ஷூயெ லொங் 2’ முன்னும் பின்னும் இரு பக்கமும் பனி உடைக்கும் ஆராய்ச்சிக் கப்பல்.

இந்த உருண்டை உடலுக்கு ஒரு விலை உண்டு. திறந்த கடலில் இவை பயங்கரமாக உருளும். சாதாரணக் கப்பல்களின் பக்கவாட்டில் ஆட்டத்தைக் குறைக்க நீட்டியிருக்கும் தகடுகளைப் பனி பிய்த்தெறிந்துவிடும் என்பதால் இவற்றில் பெரும்பாலும் வைப்பதில்லை. அண்டார்க்டிகா போகும் வழியில் தென்பெருங்கடலைத் தாண்டும் நாட்கள் பனியில் இருக்கும் நாட்களைவிடக் கஷ்டம்.

பனி குறையக் குறைய இவற்றின் தேவை ஏன் கூடுகிறது என்றால், பனி குறைந்த கடலுக்குள் கப்பல்கள் அதிகம் வருகின்றன. பெருகும் கப்பல்களில் பெரும்பாலானவை பனிக்கென்று கட்டப்பட்டவை அல்ல. மெலிந்த பனி காற்றில் வேகமாக நகரும், எதிர்பாராத இடத்தில் குவியும். கோடையில் காலியாகும் கடல் குளிர்காலத்தில் மறுபடி உறையத்தான் செய்கிறது. அப்படி உறையும் நேரத்தில் சிக்குபவர்களை மீட்க யாராவது வர வேண்டும்.

இந்தக் கப்பல்களே பனியை அழிக்கின்றனவா என்ற கவலைக்கும் கணக்கோடு பதில் சொல்கிறேன். 34 மீட்டர் அகலக் கப்பல் 5,000 கிலோமீட்டர் உடைத்துப் போனால் திறக்கும் பரப்பு 170 சதுர கிலோமீட்டர். ஆர்க்டிக் பனி மிகக் குறைந்துபோன 2012 செப்டம்பரில்கூட அதன் பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். இருபதாயிரத்தில் ஒரு பங்கு, குளிர்காலமானால் அதுவும் விரைவில் உறைந்து மூடிவிடும். பனி உருகுவதற்குக் காரணம் வெப்பமாதல், கப்பல் திறக்கும் பாதை அல்ல.

ஆனால் அந்த இடத்தில் வாழ்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது. பனியின் மேல் பயணம் செய்து வேட்டையாடும் இனுயிட் மக்களுக்குக் கப்பல் திறந்த பாதை வழியை அடைத்துவிடும். காஸ்பியன் கடலில் சீல்கள் குட்டி போடும் பனித்தளங்களின் நடுவே கப்பல் போவதால் தாயும் குட்டியும் பிரிவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குட்டி போடும் பருவத்தில் அந்தத் தளங்களைச் சுற்றிப் போவது நடக்க முடியாத காரியமல்ல. புகையிலிருந்து விழும் கரி வெண்பனியைக் கறுப்பாக்கி அதைச் சீக்கிரம் உருகவைக்கிறது. கனமான கப்பல் எண்ணெயை அண்டார்க்டிகாவில் 2011-லேயே தடை செய்துவிட்டார்கள். ஆர்க்டிக்கில் தடை 2024 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது, அதிலும் பல கப்பல்களுக்கு 2029 வரை விலக்கு இருக்கிறது. குளிர்ந்த நீரில் கொட்டினால் எளிதில் சிதையாத, பனிக்கு அடியில் போய்விட்டால் அள்ளவே முடியாத எண்ணெய்க்கு அவ்வளவு நாள் அவகாசம் கொடுத்தது தவறு என்பதே என் கருத்து.